ஆக்டிவேட் ஆகிவிட்டால் அது அசல் விண்டோஸா?

விண்டோஸ் 95 தன் உரிம எண்ணைச் சோதித்த விதத்தை இப்போது கேட்டால் சிரிப்பு வரும். முதல் மூன்று இலக்கங்கள் 333, 444 போன்ற சில எண்களாக இருக்கக் கூடாது. அடுத்த ஏழு இலக்கங்களின் கூட்டுத்தொகை 7ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். முக்கியமான சோதனை அவ்வளவுதான். வரிசையாக 1, 1 என்று தட்டிக்கொண்டே போனாலும் கதவு திறந்துவிடும்.

2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில் இந்த விளையாட்டு செல்லவில்லை. அதன் உரிம எண்ணான 25 எழுத்துச் சாவிக்குள் ஒரு வரிசை எண்ணும், அதற்கு மைக்ரோசாஃப்ட் போட்ட மின்கையொப்பமும் பொதிந்திருந்தன. கையொப்பம் போடத் தேவையான ரகசிய எண் நிறுவனத்திடம் மட்டுமே இருக்கும். சரிபார்க்கும் எண் மட்டும் நம் கணினிக்கு வரும். அதனால் கணினியால் சாவியைச் சோதிக்க முடியும், புதிதாக ஒன்றை உருவாக்க முடியாது.

சரி, அசல் சாவியையே நூறு பேர் பகிர்ந்துகொண்டால்? கையொப்பம் நூறு இடத்திலும் சரியாகத்தான் இருக்கும். ஆக்டிவேஷன் பிறந்தது இதற்காகத்தான். மதர்போர்டு, ஹார்டு டிஸ்க், நெட்வொர்க் கார்டு போன்ற உறுப்புகளின் அடையாளங்களைச் சுருக்கி, கணினிக்கு ஒரு கைரேகை மாதிரி செய்து, சாவியோடு சேர்த்து சர்வரில் பதிவார்கள். ஒன்றிரண்டு உறுப்புகளை மாற்றினால் பொறுத்துக்கொள்ளும். மதர்போர்டை மாற்றினால் மட்டும் பெரும்பாலும் 'நீ யார்?' என்று கேட்கும். விண்டோஸ் 8 முதல், புதுக் கணினிகளில் தயாரிப்பாளரே சாவியை மதர்போர்டில் எழுதிவிடுகிறார். லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருந்த சாவி ஸ்டிக்கர் காணாமல் போனதும் அப்போதுதான்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு சந்து இருக்கிறது. பெரிய அலுவலகங்களில் ஒவ்வொரு கணினியும் மைக்ரோசாஃப்டிடம் போய் நிற்பதில்லை. அலுவலகத்துக்குள்ளேயே இருக்கும் கேஎம்எஸ் என்ற சர்வர் அனுமதி தருகிறது. அந்த அனுமதி 180 நாள் செல்லும், இடையிடையே தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். காசு கொடுக்காமல் ஆக்டிவேட் செய்துதரும் கள்ள மென்பொருள்களில் பல, இந்த சர்வர் போல நடித்துத்தான் கணினியை ஏமாற்றுகின்றன. கணினியோ பாவம், நம்பிவிடுகிறது. கூடவே வைரஸ் வந்தாலும் வரும்.

ஆகவே செட்டிங்ஸில் 'ஆக்டிவேட் ஆகியிருக்கிறது' என்று பார்த்ததும் நிறுத்திவிடாதீர்கள், அதே வரியை முழுதாகப் படியுங்கள். 'டிஜிட்டல் லைசென்ஸ்' என்றிருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. நீங்கள் சொந்தமாக வாங்கிய வீட்டுக் கணினியில் 'உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை மூலம்' என்றிருந்தால், விற்றவரிடம் எந்த நிறுவனம் என்று கேட்டுப் பாருங்கள்.