விரலை எடுத்தால் ஏன் அடுப்பு அணைகிறது?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர், சாட்ஸ்வொர்த்திலிருந்து ஓர் அக்கா கேட்டிருந்தார். ஆடி மாதம், போரிட்ஜ் பிரேயர்ஸ் என்று இங்கே எல்லோரும் சொல்லும் கூழ் ஊற்றுதலுக்காக வீட்டில் பெரிய பானையில் கூழ் காய்ச்சியிருக்கிறார். கூழ் பொங்கி அடுப்பு முழுக்க வழிந்துவிட்டது. கழுவித் துடைத்து மறுநாள் பற்றவைத்தால், குமிழை அழுத்திப் பிடித்திருக்கும் வரைதான் எரிகிறது. விரலை எடுத்ததும் அணைந்துவிடுகிறது. மற்ற மூன்று பர்னர்களும் ஒழுங்காக எரிகின்றன. "கூழை வழியவிட்டதால் ஆத்தாவுக்குக் கோபம் என்கிறார் என் மாமியார். எனக்கோ அடுப்பின் மேல்தான் சந்தேகம்" என்று எழுதியிருந்தார்.

அக்கா, உங்கள் சந்தேகம்தான் சரி. ஊருக்கே கூழ் ஊற்றச் சொல்லும் ஆத்தா, கொஞ்சம் வழிந்ததற்காகக் கோபித்துக்கொள்வாளா? அபசகுனம் என்று மனதில் பயத்தோடு அடுப்படியில் நிற்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமான விஷயம். பயந்தவர்கள் பழுது பார்க்க மாட்டார்கள். கேஸ் அடுப்பில் பழுதைப் பார்க்காமல் விடுவதுதான் ஆபத்து.

2022, 2023 ஆண்டுகளின் லோட் ஷெட்டிங், அதாவது முறைவைத்து வந்த மின்வெட்டு, நம்மில் பலரை மின்னடுப்பிலிருந்து கேஸுக்கு மாற்றியது. அடுப்பு வந்த வேகத்தில் அது எப்படி வேலை செய்கிறது என்று யாரும் சொல்லித் தரவில்லை. அடிப்படை எளிதுதான். சிலிண்டருக்குள் அழுத்தத்தில் திரவமாக இருக்கும் புரொப்பேனும் பியூட்டேனும் ஆவியாகி வெளியே வருகின்றன. ரெகுலேட்டர் அழுத்தத்தைக் குறைக்கிறது. ஜெட்டின் சின்னத் துளையில் பாயும் கேஸ், போகிற வழியில் காற்றையும் இழுத்துக்கொண்டு பர்னருக்குப் போகிறது. ஒரு பங்கு புரொப்பேன் முழுதாக எரிய சுமார் 24 பங்கு காற்று வேண்டும். காற்று போதவில்லை என்றால் எரியாத கரித்துகள் சூட்டில் ஒளிர்ந்து சுடர் மஞ்சளாகும், பாத்திரத்தின் அடியில் கரி பிடிக்கும். பர்னர் துளைகளையும் காற்று நுழையும் வாயையும் சுத்தம் செய்தால் பெரும்பாலும் நீலம் திரும்பிவிடும். ஜோஹன்னஸ்பர்க் பக்கம் குளிர்கால அதிகாலையில் சுடர் சோர்ந்து எரிந்தால் அதற்குக் காரணம் வேறு. பியூட்டேனின் கொதிநிலையே பூஜ்யம் டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது, அந்தக் குளிரில் அது ஆவியாகத் தயங்கும். டர்பனில் அந்தக் கவலை இல்லை.

சரி, அக்காவின் பர்னருக்கு வருவோம். அதன் ஓரத்தில் இரண்டு சின்னக் குச்சிகள் நிற்கும். வெள்ளைப் பீங்கான் போர்த்தியது பொறி வருவதற்கு. தீக்குச்சி கனத்தில் உலோக முனையோடு நிற்பதன் பெயர் தெர்மோகப்பிள். பள்ளிப் பாடத்தில் வெப்ப மின்னிரட்டை என்று படித்திருப்பீர்கள். சமையலறையில் இதைவிட அழகான பொருள் எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அதற்குள் இரண்டு வெவ்வேறு உலோகக் கலவைகள் முனையில் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டிருக்கின்றன. ஓர் உலோகக் கம்பியின் ஒரு முனையைச் சூடாக்கினால் அங்கே இருக்கும் எலக்ட்ரான்கள் பொதுவாகக் குளிர்ந்த முனைப் பக்கம் நகர்ந்து சேரும். காவடி பார்க்கக் கோயில் வாசலில் கூடிய கூட்டம், வெயில் ஏற ஏறத் தெருவின் மறுகோடியில் இருக்கும் நிழலுக்கு நகர்வதைப் போல. வாசலிலிருந்து இரண்டு தெருக்கள் பிரிந்து போகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் ஒரே அளவு கூட்டம் நகர்ந்தால் இரண்டு கோடிகளுக்கும் வித்தியாசம் இல்லை. ஒரு தெருவில் நெரிசல் அதிகமானால் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் ஒரு வேறுபாடு உண்டாகிறது. உலோகத்தில் அந்த வேறுபாட்டைத்தான் மின்னழுத்தம் என்கிறோம். அதனால்தான் கம்பிகள் இரண்டும் வேறு வேறு உலோகமாக இருந்தாக வேண்டும்.

1821இல் பெர்லினில் தாமஸ் சீபெக் என்ற இயற்பியலாளர் இதைக் கண்டார். இரண்டு உலோகங்களை வளையமாக இணைத்து, ஓர் இணைப்பைச் சூடாக்கியபோது பக்கத்தில் இருந்த காந்த ஊசி திரும்பியது. வெப்பம் நேராகக் காந்தமாக மாறுகிறது என்று அவர் நினைத்தார். மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்பும் என்று அதற்கு முந்தைய ஆண்டுதான் கண்டுபிடித்திருந்த எர்ஸ்டெட், இங்கே ஓடுவதும் மின்சாரம்தான் என்று விளக்கினார். விளக்கம் தவறினாலும் கண்ணால் கண்டது தவறவில்லை; இன்றும் அதற்கு சீபெக் விளைவு என்றே பெயர். வீட்டில் பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் செய்து காட்டுங்கள்: ஒரு செம்புக் கம்பி, ஓர் இரும்புக் கம்பி, ஒரு முனையில் இரண்டையும் இறுக்கி முறுக்குங்கள். மறுமுனைகளை மல்டிமீட்டரில் மாட்டி, முறுக்கிய முனையைக் கொதிநீரில் வையுங்கள். ஒரு மில்லிவோல்ட் அளவுக்கு எண் ஏறும். பேட்டரி இல்லாமல்!

அடுப்புச் சுடர் பல நூறு டிகிரி என்பதால் தெர்மோகப்பிளில் 20, 30 மில்லிவோல்ட் வரை கிடைக்கும். டார்ச்சில் போடும் ஒரு சாதாரண செல்லில் 1,500 மில்லிவோல்ட் இருக்கிறது. இந்தத் துளி மின்சாரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? குமிழுக்குப் பின்னால் ஒரு சின்ன மின்காந்தம் இருக்கிறது. கேஸ் வழியை மூடப் பார்க்கும் ஒரு ஸ்பிரிங்கும் அங்கேயே இருக்கிறது. தூரத்தில் இருக்கும் இரும்புத் தகட்டை இழுத்து ஸ்பிரிங்கை வெல்ல அந்தக் காந்தத்துக்குச் சக்தி கிடையாது. ஆனால் தகட்டைக் கொண்டுபோய் ஒட்டவைத்துவிட்டால் விடாமல் பிடித்துக்கொள்ளும். இடைவெளி கொஞ்சம் கூடினாலும் காந்த இழுப்பு சட்டென்று விழுந்துவிடும், ஒட்டியிருக்கும்போது மிக அதிகம். அதனால் வேலையைப் பங்கு போட்டார்கள். தகட்டைத் தள்ளி ஒட்டவைப்பது உங்கள் விரல், முனை சூடான பிறகு பிடித்துக்கொள்வது காந்தம். குமிழை அழுத்திச் சில விநாடி காத்திருக்கச் சொல்வது இதற்காகத்தான்.

எரிகிற சுடரே தனக்கு வரும் கேஸின் கதவைத் திறந்து பிடித்திருக்கிறது. காற்றிலோ பொங்கி வழிந்ததிலோ சுடர் அணைந்தால் முனை ஆறுகிறது, மின்சாரம் வற்றுகிறது, காந்தம் கைவிடுகிறது, ஸ்பிரிங் மூடுகிறது. லோட் ஷெட்டிங் வந்தால் பொறி வராமல் போகலாம், தீக்குச்சியால் பற்றவைத்துக்கொள்ளலாம். இந்தக் காவல் மட்டும் நம் மின்வாரியமான எஸ்கொமை நம்பி இல்லை. 1977இல் புறப்பட்ட வாயேஜர் விண்கலங்களுக்கு மின்சாரம் தருவதும் இதே சீபெக் விளைவுதான், அங்கே சூடு புளூட்டோனியத்திலிருந்து வருகிறது. சீபெக் அடுப்பையும் நினைக்கவில்லை, விண்கலத்தையும் நினைக்கவில்லை. அடிப்படை ஆய்வுக்குப் பணம் கேட்டால் "இதனால் என்ன பயன்?" என்று உடனே கேட்கிறவர்கள் ஒருமுறை குமிழை அழுத்திப் பார்க்கட்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

அக்காவின் அடுப்பில் மூன்று விஷயங்கள் நடந்திருக்கலாம். கழுவிய பிறகு பர்னர் மூடி சாய்ந்து உட்கார்ந்து, சுடர் முனையைத் தொடாமல் போகிறது. எனக்கு முதல் சந்தேகம் இதன் மேல்தான், சரியாக உட்காரவைத்தாலே தீர்ந்துவிடும். இல்லையென்றால் கூழ் கருகி முனையில் ஓடாகப் படிந்திருக்கும், சூடு உள்ளே போகாது. சிலிண்டரை மூடி, அடுப்பு முழுதாக ஆறிய பிறகு ஈரத்துணியால் துடையுங்கள், போகாவிட்டால் நைசான உப்புத்தாளால் மெதுவாகத் தேயுங்கள். மூன்றாவது, தெர்மோகப்பிள் கம்பி குமிழுக்குப் பின்னால் இணையும் இடம். இந்தச் சுற்றின் மின்தடை ஓர் ஓமில் நூறில் சில பங்குதான், அதனால் அங்கே மெல்லிய எண்ணெய்ப் பிசுக்கோ நம் கடற்கரைக் காற்றின் உப்புத் துருவோ படிந்தாலே அந்தத் துளி மின்சாரம் நின்றுவிடும். அதைத் திறந்து பார்ப்பது பதிவுபெற்ற கேஸ் ஃபிட்டரின் வேலை. முனை தேய்ந்திருந்தால் மாற்றுவதும் அவர்தான். வேலை முடிந்ததும் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. குமிழை டேப் ஒட்டியோ குச்சி செருகியோ அழுத்தியே வைத்து எரிப்பதைச் சில வீடுகளில் பார்த்திருக்கிறேன். அது காவல்காரனின் கையைக் கட்டிப்போடுவது. இந்த கேஸ் காற்றைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனம், ஜன்னல் திறந்திருந்தாலும் தரையோடு தேங்கும். நாற்றம் வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல் சிலிண்டரை மூடிக் கதவுகளைத் திறந்துவிட்டு வெளியே போங்கள்.

அப்புறம், சரியானதா என்று சோதிக்க ஒரு வழி. பர்னரை ஐந்து நிமிடம் எரியவிட்டு அணையுங்கள். காதைக் குமிழருகே வைத்து எண்ணிக்கொண்டே இருங்கள். முனை ஆறியதும் உள்ளே "டிக்" என்று ஒரு சின்னச் சத்தம் கேட்கும். காந்தம் பிடியை விட்ட சத்தம் அது. அணைத்த உடனேயே கேட்டால் பிடி இன்னும் பலவீனம். சில விநாடிகள் கழித்து வந்தால் தைரியமாகக் கூழ்ப் பானையை ஏற்றுங்கள் அக்கா. மாமியாரையும் கூப்பிட்டு அந்தச் சத்தத்தைக் கேட்கச் சொல்லுங்கள்.