1547: ரத்தத்தைப் பழுப்பாக்கும் திரவம்

எண்ணூர் விரைவு சாலையில் துறைமுகத்துக்குப் போகிற ட்ரெய்லர்கள் வரிசைகட்டி நின்றுவிட்டால் பைக்கில் இருப்பவருக்கு வேறு வேலை கிடையாது. முன்னால் நிற்கிற டேங்கரின் முதுகைப் படிக்கலாம். கட்டத்துக்குள் நாலு இலக்க எண் இருக்கும். 1203 என்றால் பெட்ரோல், 1075 என்றால் கேஸ். உலகம் முழுக்க இதே எண்கள்தான். மண்டை ஓடு படத்தோடு 1547 என்று இருந்தால், உள்ளே அனிலீன். என் கண்ணில் இதுவரை அந்த எண் பட்டதில்லை. ஆனால் இந்த எண்களின் பட்டியலைப் புரட்டியபோது நான் அதிக நேரம் நின்றது அதில்தான்.

சாயம், ரப்பரில் சேர்க்கிற ரசாயனங்கள், பாலியூரித்தேன் நுரை எல்லாவற்றுக்கும் மூலப்பொருளாக அனிலீன் தேவைப்படுகிறது. 1826-ல் ஜெர்மானியரான ஓட்டோ உன்வர்டோர்பன் அவுரி நீலத்தைக் காய்ச்சி வடித்தபோது முதலில் கிடைத்தது. நம் ‘நீலம்’ என்ற சொல் அரபி, போர்த்துகீசு வழியாக ‘அனில்’ ஆகி, அதிலிருந்து வந்த பெயர்தான் அனிலீன். எண்ணெய் மாதிரி இருக்கும். அழுகிய மீன் வாடை அடிக்கும். காசிமேட்டில் வளர்ந்த மூக்கு அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளாமல் போகலாம். இது வெறும் வேடிக்கை இல்லை. கெட்டுப்போன மீனில் வாடை தருவதும் அமீன் வகைப் பொருள்தான், அனிலீனும் அந்த வகையறாதான்.

இது மூச்சு வழியாக மட்டுமல்ல, தோல் வழியாகவும் உள்ளே போகும். சட்டையில் சிந்தியதைத் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தவருக்குச் சில மணி நேரம் கழித்து உதடும் நகமும் நீலம் பாரிக்கும். தலைவலி வரும். ஏன்?

ஒரு சிவப்பணுவுக்குள் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள். ஒவ்வொன்றிலும் நான்கு இரும்பு அணுக்கள். ஆக்சிஜன் வந்து உட்காரும் இருக்கைகள் அவை. அந்த இரும்பு ‘இரண்டு பிளஸ்’ நிலையில் இருந்தால்தான் ஆக்சிஜன் உட்காரும். இன்னும் ஒரு எலக்ட்ரானைப் பறிகொடுத்து ‘மூன்று பிளஸ்’ ஆகிவிட்டால், அந்த இடத்தில் தண்ணீர் மூலக்கூறு ஏறி உட்கார்ந்துகொள்ளும். இதற்குத்தான் மெத்ஹீமோகுளோபின் என்று பெயர். துருப்பிடித்த இரும்பிலும் இதே மூன்று பிளஸ்தான். அதனால்தான் ரத்தம் சாக்லேட் நிறமாகிறது.

இது ஆரோக்கியமான உடம்பிலும் நடக்கிறது. நாள்தோறும் 3 சதவீதம் வரை ஹீமோகுளோபின் தானாகவே இப்படிக் கெடும். ஆனால் சைட்டோகுரோம் பி5 ரிடக்டேஸ் என்ற நொதி ஓயாமல் எலக்ட்ரானைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். படகின் நங்கூரச் சங்கிலியைச் சுரண்டிச் சுரண்டி பெயின்ட் அடிக்கிற ஆள் மாதிரி. அதனால் எந்த நேரத்திலும் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே கெட்டது மிஞ்சும்.

அனிலீன் நேரடியாக ரத்தத்தைக் கெடுப்பதில்லை. கல்லீரல் அதைக் கழித்துக்கட்டப் பார்த்து, ஃபீனைல்ஹைட்ராக்சிலமீன் என்ற பொருளாக மாற்றிவிடுகிறது. அது சிவப்பணுவுக்குள் புகுந்து, ஆக்சிஜன் ஏறியிருக்கிற ஹீமோகுளோபினோடு வினைபுரிந்து இரும்பை மூன்று பிளஸ் ஆக்குகிறது. தான் நைட்ரோசோபென்சீனாக மாறுகிறது. கதை அங்கே முடிந்தால் பரவாயில்லை. சிவப்பணுவே நைட்ரோசோபென்சீனைத் திரும்பவும் பழைய பொருளாக மாற்றிவிடுகிறது! மறுபடி தாக்கு, மறுபடி மாற்று. ஒரே ஒரு மூலக்கூறு மீட்டர் வட்டிக்காரன் மாதிரி வந்து வந்து கறந்துகொண்டே இருக்கும். சுரண்டுகிற ஆள் தனியாக எவ்வளவுதான் ஈடுகொடுப்பார்?

இன்னொரு கேடும் உண்டு. ஹீமோகுளோபினை நாலு குழாய் வைத்த தண்ணி லாரியாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு குழாய் துருப்பிடித்து அடைத்தால் மற்ற மூன்றும் இறுகிவிடும். லாரி தெருமுனைக்கு வந்து நிற்கிறது, உள்ளே தண்ணீரும் இருக்கிறது, குடத்தில் மட்டும் சரியாக விழாது. அப்படித்தான் நல்ல இரும்பில் உட்கார்ந்த ஆக்சிஜனும் திசுக்களுக்கு இறங்காமல் பிடிபட்டு நிற்கிறது. ரத்தசோகையில் இழக்கிற அதே அளவைவிட இது மோசமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். மெத்ஹீமோகுளோபின் 15 சதவீதம் நெருங்கும்போது நீலம் தெரியும், 50-ஐத் தாண்டினால் வலிப்பு, மயக்கம். 70 சதவீதத்துக்கு மேல் பெரும்பாலும் உயிர் தங்காது.

கொரோனாவுக்குப் பிறகு வீட்டுக்கு வீடு இருக்கிற பல்ஸ் ஆக்சிமீட்டர் இங்கே ஏமாற்றும். அது இரண்டு நிற ஒளிகளை விரல் வழியே அனுப்பி விகிதம் பார்க்கிறது. மெத்ஹீமோகுளோபின் இரண்டையும் ஏறக்குறைய சமமாக உறிஞ்சுவதால், நிலைமை எவ்வளவு மோசமானாலும் திரை 85 பக்கத்திலேயே நின்றுவிடும். ஆக்சிஜன் வைத்தாலும் அசையாது. டாக்டர்கள் ஒரு சொட்டு ரத்தத்தை வெள்ளைக் காகிதத்தில் வைத்துப் பார்ப்பதுண்டு. வெறுமனே ஆக்சிஜன் குறைந்த ரத்தம் காற்றுபட்டதும் சிவக்கும். இது பழுப்பாகவே இருக்கும்.

முதல் வேலை, துணி, செருப்பு எல்லாவற்றையும் கழற்றிப் போட்டு சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவுவது. இல்லாவிட்டால் ஆஸ்பத்திரி கட்டிலிலும் விஷம் ஏறிக்கொண்டே இருக்கும். மருந்து, மெத்திலீன் நீலம்: எடையில் கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிகிராம், நரம்பு வழியாக. 1876-ல் ஜெர்மன் வேதியியலாளர் ஹைன்ரிக் காரோ சாயமாகத் தயாரித்த பொருள் இது. அனிலீன் சாயங்களின் குடும்பம்தான். சிவப்பணுவில் சும்மா கிடக்கும் இன்னொரு நொதியிடம் எலக்ட்ரானை வாங்கி இரும்புக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறது. அளவு மீறினால் இதுவே இரும்பைக் கெடுக்கும். பிறவியிலேயே ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கோ அந்த எலக்ட்ரான் சப்ளையே போதாது. மருந்து வேலை செய்யாது, சிவப்பணுக்கள் உடையவும் கூடும். அதனால் ஊசி போடும் முன் அதைக் கேட்டுக்கொள்வார்கள்.

சரியாக வேலை செய்தால் ஒரு மணி நேரத்துக்குள் உதட்டின் நிறம் திரும்பிவிடும். சிறுநீர் மட்டும் நீலப்பச்சையாகப் போகும். இதை நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் ராத்திரி பாத்ரூமிலிருந்து அலறல் கேட்கும்.