வட்டி போடும் வெப்பம்: கண்ணீர்த்துளி வண்டிக்குள் ஒரு ஏ.சி.

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் வசிக்கும் வாசகர் ஒருவர், தாமே செய்த கண்ணீர்த்துளி கேம்பரில் சிறிய ஜன்னல் ஏ.சி. ஒன்றைப் பொருத்திவிட்டு இவ்வாறு எழுதியிருக்கிறார்: “கார் கொட்டகையில் மேசைமேல் வைத்து ஓட்டிப் பார்த்தபோது நாள் முழுதும் நன்றாகக் குளிர்ந்தது. வண்டிக்குள் பெட்டியடித்துப் பொருத்திய பிறகு, இருபது நிமிடத்தில் ‘டக்’ என்று ஓர் ஒலி; அதன்பின் காற்று வருகிறது, குளிர் வருவதில்லை. சற்று நேரத்தில் தானே சரியாகி, மறுபடியும் நின்றுவிடுகிறது. இயந்திரம் பழுதா? குழாய் வைத்த ஏ.சி. வாங்கிவிடலாமா?”

இயந்திரம் நலமாகவே இருக்கிறது. குறை, அதைச் சுற்றி அவர் அடித்த பெட்டியில் இருக்கிறது.

காரின் பின்னால் இழுத்துச் செல்லும், இருவர் படுக்க மட்டுமே இடமுள்ள இந்தச் சிறு வண்டிகள் 1930களில் அமெரிக்காவில் பரவின. 8 அடிக்கு 4 அடி பிளைவுட் பலகையின் அளவை ஒட்டியே பெரும்பாலும் செய்யப்படுவதால், வளைவுகளைக் கழித்தால் உள்ளே இருக்கும் காற்று 3 கன மீட்டருக்கும் குறைவு. ஏ.சி.யைப் பலரும் பின்பக்கச் சமையல் அலமாரிக்குள்ளோ, முன்பக்க இழுவைச் சட்டத்தின்மேல் ஒரு பெட்டிக்குள்ளோ வைக்கிறார்கள்.

ஏ.சி. குளிரை உண்டாக்குவதில்லை, உள்ளிருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுகிறது என்பது பள்ளிப் பாடம். (இரண்டாம் வெப்ப இயக்கவியல் விதியை மனப்பாடம் செய்யச் சொல்லும் நம் பள்ளிகள், ஃபிரிட்ஜின் முதுகை ஒருமுறை தொட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தால் இக்கட்டுரைக்கே தேவை இருந்திராது.) சந்தையில் கிடைக்கும் மிகச் சிறிய ஜன்னல் ஏ.சி.க்களின் திறன் மணிக்கு 5,000 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் ஓர் அலகு); நம் ஊர்க் கணக்கில் அரை டன்னுக்கும் குறைவு, வாட் கணக்கில் ஏறத்தாழ 1,465. அதற்காக அது இழுக்கும் மின்சாரம் 450 வாட் அளவில் இருக்கும். அந்த மின்சாரமும் இறுதியில் வெப்பமாகவே மாறுவதால், முதுகுப்புறம் வெளியேற வேண்டியது சுமார் 1,900 வாட்.

இந்த வெப்பத்தைச் சுமந்து செல்வது காற்று. இயந்திரத்தின் பக்கவாட்டுத் துளைகள் வழியே வெளிக்காற்று நுழைந்து, பின்புறச் சூட்டுச் சுருளை ஊடுருவி வெளியேறுகிறது. நொடிக்கு 0.1 கன மீட்டர் காற்று ஓடுவதாக வைத்துக்கொண்டால், அது சுமார் 16 டிகிரி சூடாகி வெளியே வரும்: 35 டிகிரியில் நுழைந்தால் 51 டிகிரியில் வெளியேறும். கொட்டகையில் அந்தச் சூட்டுக்காற்று கலைந்து போய்விட்டது. பெட்டிக்குள் நடந்தது வேறு. அங்கே நுழையும் துளைகளும் வெளியேறும் சுருளும் ஒரே அறையைப் பகிர்ந்துகொள்வதால், வெளியேறிய காற்றில் ஒரு பங்கு, வாசலைத் தேடாமல், பக்கத்துத் துளை வழியே மறுபடியும் உள்ளே இழுக்கப்படுகிறது.

என்னை மயக்கும் இடம் இதுதான். வெளியேறும் காற்றில் பாதி திரும்பி வருவதாகக் கொள்வோம். 35 டிகிரிக் காற்றும் 51 டிகிரிக் காற்றும் சரிபாதி கலந்தால், இம்முறை நுழைவது 43 டிகிரி. அதன்மேல் அதே 16 டிகிரி ஏறி 59 ஆகி வெளியேற, அதில் பாதி திரும்ப, அடுத்த முறை நுழைவது 47, பிறகு 49, பிறகு 50. எட்டு, நான்கு, இரண்டு, ஒன்று என்று கூடிக்கொண்டே போகும் இந்தத் தொடர், வட்டி குட்டி போடுவதைப் போல வளர்ந்து, நுழைவாயிலில் 51 டிகிரியிலும் வெளிவாயிலில் 67 டிகிரியிலும் போய் அடங்கும். திரும்புவது நான்கில் மூன்று பங்கானால் தொடர் அடங்கும் இடம் நுழைவாயிலிலேயே 83 டிகிரி.

அவ்வளவு தூரம் போக இயந்திரம் இடம் கொடுக்காது. சூட்டுச் சுருளுக்குள் ஓடும் குளிர்வாயு, திரவமாக மாறும்போதுதான் தன் வெப்பத்தைக் கைவிடுகிறது. ஆர்-32 என்ற வகைக் குளிர்வாயு 50 டிகிரியில் திரவமாக வேண்டுமென்றால் வளிமண்டலத்தைப் போல 31 மடங்கு அழுத்தம் தேவை. 60 டிகிரியில் 39 மடங்கு. சுருளைச் சுற்றியுள்ள காற்று சூடாக ஆக, கம்ப்ரசர் மேலும் மேலும் மூச்சுமுட்டி அழுத்துகிறது, கூடுதல் மின்சாரம் இழுக்கிறது, அதுவும் வெப்பமாகிறது. அதாவது வட்டி விகிதமே ஏறுகிறது. ஒரு கட்டத்தில், அதன் மேலுள்ள ஈருலோகத் தகடு சூட்டில் வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கிறது. வாசகர் கேட்ட ‘டக்’ அதுவே. விசிறிக்குத் தனி இணைப்பு என்பதால் காற்று மட்டும் தொடர்ந்து வருகிறது.

தீர்வு ஒரு தடுப்புப் பலகை. சூட்டுச் சுருளின் நான்கு ஓரங்களையும் ஒட்டி, இடுக்குகளை நுரைப்பட்டையால் அடைத்து, பெட்டியை இரண்டாகப் பிரிக்க வேண்டும்: ஒரு பாதிக்கு வண்டியின் அடியிலிருந்து காற்று வரட்டும், மறுபாதி பக்கச் சுவர் வழியே வெளியேற்றட்டும். வாசலைச் சிறிதாக வைத்துவிடக் கூடாது. ஏ.சி.யின் விசிறி காற்றை நகர்த்தும். நெருக்கித் தள்ளும் வலு அதற்கில்லை. மூன்று அங்குலக் குழாயை மாட்டினால் அது வெறுமனே சுழன்றுகொண்டிருக்கும். வெளிவாயில் சுருளின் முகப்பளவாவது இருக்கட்டும்.

அடித்தட்டில் தேங்கும் தண்ணீரைக் கண்டு பலர் அங்கே ஓட்டை போட்டுவிடுகிறார்கள். பல ஜன்னல் ஏ.சி.க்களில் பின்விசிறியின் விளிம்பில் ஒரு வளையம் உண்டு. அது அந்த நீரை வாரிச் சூட்டுச் சுருளின்மேல் வீசுகிறது. மணிக்கு அரை லிட்டர் ஆவியானாலே 300 வாட்டுக்கு மேல் வெப்பத்தை இலவசமாகக் கொண்டுபோகும். ஆகவே ஓட்டை வேண்டாம். பிளைவுட் உளுத்துப்போகாமல் உட்புறத்தில் அலுமினியத் தகடு அடிக்கலாம்.

ஒற்றைக் குழாய் ஏ.சி.யை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது சூட்டுச் சுருளைக் குளிர்விக்க அறைக்குள் இருக்கும் காற்றையே எடுத்து வெளியே ஊதுகிறது. மேற்சொன்ன வேகத்தில் ஊதினால், இந்த வண்டியின் காற்று முழுவதும் அரை நிமிடத்தில் வெளியே போய், இடுக்குகள் வழியே வெயில் காற்று வந்து நிரம்பும்.

அதற்காக அறையை முற்றிலும் அடைப்பதும் ஆபத்து. உறங்கும் இருவர் விடும் மூச்சால், இவ்வளவு சிறிய இடத்தில் கார்பன் டை ஆக்சைடு மணிக்கு ஏறத்தாழ 1 சதவீதம் கூடும். கூரைத் துவாரம் இரவு முழுதும் இரண்டு விரல் அளவாவது திறந்திருக்க வேண்டும். ஜெனரேட்டர் ஓட்டுவதானால் அதன் புகை அந்தத் துவாரத்தை எட்டாத தொலைவில் நிற்க வேண்டும்.

தடுப்பு சரியாக அமைந்ததா என்று பார்க்க ஓர் ஊதுபத்தி போதும். ஏ.சி.யை ஓடவிட்டு, வெளிவாயிலின் ஓரத்தில் அதைப் பிடியுங்கள்; புகை விலகி ஓட வேண்டும். பிறகு நுழைவாயிலில் ஒரு வெப்பமானியை அரை மணி நேரம் தொங்கவிட்டு, மர நிழலில் இன்னொன்றையும் வையுங்கள். இரண்டும் ஓரிரு டிகிரிக்கு மேல் வேறுபட்டால், நுரைப்பட்டை எங்கோ ஒரு மூலையில் விலகியிருக்கிறது.