அம்மா காட்டிய மூன்று விரல்

முழங்கால் மூட்டு மாற்று அறுவை முடிந்த மறுநாள் காலை. தாதி கட்டிலருகே வந்து, “ஆண்ட்டி, சாகிட்? சீரோ டு டென், ஹவ் மச்?” என்று மலாயும் ஆங்கிலமுமாகக் கேட்டார். வலிக்கிறதா, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேட்கிறார். அம்மா மூன்று விரலைக் காட்டினார். தாதி அதைப் பதிந்துகொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். சற்று நேரத்தில் பிசியோதெரபிஸ்ட் வந்து முட்டியை மடக்கச் சொன்னதும், அம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார்.

அம்மா பொய் சொல்லவில்லை. அசையாமல் படுத்திருந்தபோது வலி மூன்றுதான். வெட்டுப்பட்ட திசுவில் புரோஸ்டாகிளாண்டின் போன்ற வேதிப்பொருள்கள் சுரந்து, நரம்பு முனைகளைச் சட்டென்று தூண்டப்படும்படி ஆக்கிவிடுகின்றன. சாதாரண நாளில் கண்டுகொள்ளாத சிறு அசைவுக்கும் அவை மூளைக்குச் செய்தி அனுப்பும். போகிற வழியில், தண்டுவடத்தில், ஒரு வாயிற்கதவு போன்ற ஏற்பாடு இருக்கிறது என்று 1965இல் ரொனால்டு மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இரு ஆய்வாளர்கள் விளக்கினார்கள். இடித்துக்கொண்ட இடத்தைத் தேய்த்துவிட்டால் வலி குறைகிறதே, அப்போது அந்தக் கதவு சற்று மூடுகிறது. பயமும் கவலையும் அதைத் திறந்துவிடும். அதனால்தான் ஒரே அறுவைக்கு ஆளுக்கு ஆள் வலி வேறுபடுகிறது. காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் மாதிரி வலிக்குக் கருவி கிடையாது. நோயாளி சொல்வதுதான் அளவு.

ஆகவே அறுவை சிகிச்சை வார்டுத் தாதியருக்கான வலிப் பயிற்சி, பெரும்பாலும் கேட்கக் கற்றுக்கொள்ளும் பயிற்சிதான். படுத்திருக்கும்போது எவ்வளவு, இருமும்போது எவ்வளவு, எழும்போது எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். வயிற்றில் அறுவை செய்துகொண்டவர் வலிக்குப் பயந்து ஆழமாக மூச்சிழுக்காவிட்டால் சளி தேங்கி நிமோனியா வரலாம். நடக்காவிட்டால் காலில் ரத்தம் உறையலாம்.

எண்ணைவிட முக்கியமாக எனக்குப் படுவது சொல். மெல்சாக் 1975இல் வெளியிட்ட வினாப்பட்டியலில் வலிக்கு 78 சொற்கள் இருக்கின்றன. நம்மிடமும் இருக்கின்றன: குத்துது, கடுக்குது, குடையுது, பிசையுது, விண்விண்ணுனு தெறிக்குது. “எரியுது, கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்கு” என்றால் நரம்பே பாதிக்கப்பட்டிருக்கலாம். அதற்கு மருந்து வேறு. காலில் அறுவை செய்தவர் “கட்டுக்குள்ள இறுகுது, வலி ஏறிக்கிட்டே போகுது, விரல் மரத்துப்போகுது” என்றால், வலி மருந்தை மட்டும் கொடுத்துவிட்டுப் போகக் கூடாது. தசைக்குள் அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் தடைப்படுவதன் அறிகுறியாக இருக்கலாம். உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். இத்தனையையும் நாம் “பெயின்” என்ற ஒரே சொல்லில் அடைத்து மொழிபெயர்த்துவிடுகிறோம். பெற்றோருக்காகப் பேசும் பிள்ளைகளே, தயவுசெய்து அவர்கள் சொன்ன சொல்லையே விளக்கிச் சொல்லுங்கள்.

முதுமை மறதியால் சொல்ல முடியாதவர்களிடம் மூச்சு, முனகல், முகம், உடலின் இறுக்கம், தேற்றினால் அமைதியாகிறாரா என்ற ஐந்தையும் தாதி பார்க்கிறார்.

அப்புறம் மருந்து. பாரசிட்டமாலை வேளை தவறாமல் கொடுத்தாலே மார்ஃபின் என்ற வலுவான வலி மருந்தின் தேவை சற்றுக் குறையும். நோயாளியே பட்டனை அழுத்தி மார்ஃபின் ஏற்றிக்கொள்ளும் பம்ப்பும் உண்டு. ஒருமுறை மருந்து இறங்கினால், குறித்த நிமிடங்கள் கழியும்வரை மறுபடி இறங்காது. அதைவிட நல்ல பூட்டு, நோயாளியின் தூக்கம். மருந்து கூடினால் கண் செருகும், கை பட்டனைத் தேடாது. பாசத்தில் மகனோ மகளோ அழுத்தினால் அந்தப் பூட்டு உடைந்துவிடும்; மூச்சு மந்தமாகலாம். பெரும்பாலும் மூச்சு குறைவதற்கு முன்பே மயக்கம் ஏறும் என்பதால், தாதி வலியோடு விழிப்பு நிலையையும் சேர்த்துப் பார்க்கிறார். மாத்திரை கொடுத்து ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்து, “இப்ப எப்படி?” என்று கேட்பதும் சிகிச்சையில் சேர்த்திதான்.

அடுத்த நாள் ஜொகூர்க்காரரான தமிழ்த் தாதி ஒருவர் வந்தார்.

“முட்டிய மடக்கினா எப்படிம்மா இருக்கு?”

“உயிர் போகுதும்மா. எட்டு இருக்கும்.”

“நேத்தே சொல்லியிருக்கலாமே?”

“மடக்கினா எப்படின்னு நேத்து யாரும் கேக்கலையே.”

அவர் மருத்துவரிடம் பேசி, பிசியோதெரபிக்கு ஒரு மணி நேரம் முன்பே மாத்திரை கிடைக்கும்படி செய்தார். அன்று அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு கழிவறைவரை நடந்து போய் வந்தார்.