முன்னுக்கு நிற்பவர் திரும்பிப் பார்க்காதீர்கள்

பட்மின்டனில் கண்ணில் அடிபட்டு, கண் வைத்தியரான என்னிடம் வருபவர்களில் இரட்டையர் ஆட்டத்தில் முன்னுக்கு நின்றவர்கள்தான் கூட. அடித்தது யார் என்று கேட்டால், பல தடவை எதிராளி அல்ல, சொந்த ஜோடியேதான்.

அண்மையில் வந்த தம்பிக்குப் பதினாறு வயது, பாடசாலை அணியில் ஆடுகிறான். பின்னேரம் அண்ணனோடு ஜோடி சேர்ந்து ஆடியபோது, அண்ணன் ஸ்மாஷ் அடிக்கப் போகிறானா மெதுவாகத் தட்டப் போகிறானா என்று வலைக்குப் பக்கத்தில் நின்றபடி ஒரு கணம் திரும்பியிருக்கிறான். ஷட்டில் நேரே வலக்கண்ணில். வீட்டில் நந்தியாவட்டைப் பூவை வைத்துக் கட்டி, காலமை பார்ப்பம் என்று படுக்க வைத்துவிட்டார்கள். மறுநாள் மத்தியானம் நான் பார்க்கும்போது கருவிழிக்குள் இரத்தம் மட்டம் கட்டி நின்றது.

ஐந்து கிராம் இறகு என்ன செய்யும் என்று நினைக்கிறோம். 2023இல் இந்திய வீரர் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி அடித்த ஸ்மாஷ் மணிக்கு 565 கிலோமீற்றர் என்று கின்னஸில் பதிவானது. இறகு காற்றில் இழுபடுவதால் அந்த வேகம் மளமளவென்று இறங்கிவிடும், அதனால்தான் எதிர்ப்பக்கத்தில் நிற்பவரால் எடுக்க முடிகிறது. ஆனால் உங்கள் ஜோடி நிற்பது மூன்று நான்கு மீற்றர் பின்னால்தானே. அதைவிட மோசம் ஷட்டிலின் முனையில் இருக்கும் தக்கையின் அளவு. டெனிஸ் பந்து பட்டால் கண்ணைச் சுற்றியுள்ள எலும்பும் அடியை வாங்கும், ஷட்டிலின் தக்கையோ 25 முதல் 28 மில்லிமீற்றர், கண்குழிக்குள் அப்படியே புகுந்துவிடும்.

அடிபட்டால் கசக்காதீர்கள், அழுத்திக் கட்டாதீர்கள், பூவும் தாய்ப்பாலும் வேண்டவே வேண்டாம். வலிக்கு அஸ்பிரின் போட்டால் இரத்தக்கசிவு கூடும். தலையை உயர்த்தி வைத்துக்கொண்டு அன்றைக்கே போதனா வைத்தியசாலைக்கோ ஒரு கண் வைத்தியரிடமோ போங்கள். பார்வை தெளிந்துவிட்டது, சரி என்று விட்டுவிடுவதுதான் எனக்குப் பெரிய பயம், ஏனென்றால் முதல் வாரத்துக்குள் திரும்பவும் இரத்தம் கசியலாம், கண்ணுக்குள் நீர் வடியும் இடம் காயப்பட்டிருந்தால் பல வருடம் கழித்து வலியே இல்லாமல் அழுத்தம் ஏறி, பார்வை ஓரத்திலிருந்து மெல்ல மெல்லப் போகலாம்.

இரட்டையர் ஆட்டம் நீண்ட காலம் ஆடக்கூடியது. நான்கு உலகப் பட்டங்களும் 2008 ஒலிம்பிக் தங்கமும் வென்ற இந்தோனேசிய இரட்டையர் வீரர் ஹெண்ட்ரா செத்தியவான் ஓய்வு பெற்றது 2025 ஜனவரியில், 40 வயதில். கால் வேகம் குறைந்த பிறகும் அவரை வலைக்கருகே நிறுத்தி வைத்தது, ஷட்டில் எங்கே வரும் என்று முந்திக் கண்டுகொள்ளும் அந்தக் கண்தான் என்பது என் எண்ணம்.

பயிற்றுநர்களே, முன்னுக்கு நிற்கும் பிள்ளைக்கு முகம் வலைப்பக்கம், ரக்கற் முகத்துக்கு முன்னால் என்று முதல் நாளே பழக்குங்கள். பொலிகாபனேட் விளையாட்டுக் கண்ணாடி போடச் சொல்லுங்கள். சாதாரண பவர் கண்ணாடி உடைந்து கண்ணுக்குள்ளேயே குத்தலாம்.

அந்தத் தம்பிக்கு இரத்தம் வடிந்துவிட்டது. இனி வருடம் ஒருமுறை கண் அழுத்தம் பார்க்க வேண்டும், அறுபது வயதானாலும். போன கிழமை அண்ணனும் கூட வந்திருந்தான். இரண்டு பேருக்கும் கண்ணாடிக்கு அளவெடுத்துக்கொண்டு போனார்கள்.