வால் ரோட்டர் நட்டில் கோடு விலகியிருந்தால் ரெஞ்சை எடுக்காதீர்கள்

ஹெலிகாப்டரைப் பார்க்கிறவர்களின் கண் மேலே சுற்றும் பெரிய ரோட்டரில்தான் நிற்கும். பராமரிப்பு வேலையில் இருக்கும் எனக்கு வாலில் சுற்றும் சின்ன ரோட்டர்தான் அதிகக் கவலை தரும். பெரிய ரோட்டர் ஒரு பக்கம் சுற்றினால் உடல் எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும். அதைத் திரும்பவிடாமல் பிடித்து வைப்பது வால் ரோட்டர். பைலட் பெடலை மிதிக்கும் அசைவு தண்டு, கேபிள், ஹைட்ராலிக் ஆக்சுவேட்டர் (எண்ணெய் அழுத்தத்தால் தள்ளும் கருவி) என்று வால் நுனிவரை போய் பிளேடுகளின் கோணத்தை மாற்றும். பல வடிவமைப்புகளில், அந்தப் பாதையின் கடைசியில் சுற்றாத தண்டையும் சுற்றும் பிளேடுகளையும் சேர்ப்பது ஒரு பேரிங். அது கைவிட்டால் வேறு வழி கிடையாது.

2018 அக்டோபர் 27 அன்று இங்கிலாந்தின் லெஸ்டரில் கால்பந்து மைதானத்திலிருந்து கிளம்பிய ஏ.டபிள்யூ.169 ஹெலிகாப்டருக்கு இதுதான் நடந்தது. பேரிங் இறுகிவிட்டது. சுற்றக்கூடாத தண்டு சுற்ற ஆரம்பித்தது. அதன் முனையில் இருந்த நட்டின் ஸ்பிளிட் பின் (நட் கழலாமல் தடுக்கும் சின்னக் கம்பி) அறுந்து, தண்டு கழன்றது. பெடலுக்கும் பிளேடுக்கும் தொடர்பே இல்லாமல் போயிற்று. ஹெலிகாப்டர் சுழன்று விழுந்தது. லெஸ்டர் சிட்டி அணியின் உரிமையாளர் விச்சாய் ஸ்ரீவத்தனபிரபா உட்பட ஐந்து பேர் இறந்தார்கள். பைலட் செய்யக்கூடியது எதுவும் மிச்சமில்லை.

இரண்டு வாரத்துக்குள் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை வால் ரோட்டர் பாகங்களைச் சோதிக்கச் சொல்லி அவசர ஆணை போட்டது. இப்படிப்பட்ட ஆணைக்குப் பெயர் ஏர்வொர்த்தினஸ் டைரக்டிவ், சுருக்கமாக ஏ.டி. அதைத் தொடர்ந்து மேலும் ஆணைகள் வந்தன. ஏ.டி. என்பது தயாரிப்பாளர் சொல்லும் யோசனை அல்ல, சட்டம். குறித்த மணி நேரத்துக்குள் சோதனை முடியாவிட்டால் அந்த ஹெலிகாப்டர் பறக்கத் தகுதியற்றது. 'நாளைக்குப் பார்க்கலாம், இன்று ஒரே ஒரு டிரிப்' என்று உரிமையாளர்கள் கேட்பதுண்டு. அந்த ஒரு டிரிப்புக்கும் ஆணை இடம் கொடுக்காது.

சரி, சோதனையில் என்ன பார்ப்போம்? நட்டை இறுக்கியதும் நட்டிலிருந்து பக்கத்துப் பாகம்வரை பெயிண்டால் ஒரு கோடு இழுத்து வைப்போம். நட் கொஞ்சம் நகர்ந்தாலும் கோடு உடைந்து தெரியும். ஒருமுறை என்னுடன் இருந்த இளம் டெக்னீஷியன், கோடு ஒரு நூல் அளவு விலகியிருப்பதை டார்ச் வெளிச்சத்தில் கண்டுபிடித்தார். நல்ல கண். ஆனால் அடுத்த நொடியே நட்டை இறுக்க டார்க் ரெஞ்சை (குறித்த அளவுக்கு இறுக்கும் ரெஞ்ச்) எடுத்துவிட்டார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். இறுக்கிப் புதுக் கோடு இழுத்திருந்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரிந்திருக்கும். நட் ஏன் நகர்ந்தது என்ற கேள்வி அங்கேயே அழிந்திருக்கும்.

கழற்றிப் பார்த்தோம். பேரிங்கை விரலில் மாட்டி மெதுவாகத் திருப்பினால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். அது மணல் விழுந்த மாதிரி நறநறத்தது. வெள்ளைத் துணியில் துடைத்த கிரீஸ் கறுப்பாக, பசையே இல்லாமல் பொடியாக வந்தது. வெளியிலிருந்து பார்த்தால் அந்த வாலில் ஒரு குறையும் தெரியாது.

படம் எடுத்து, பாகத்தை அப்படியே பையில் போட்டு, தயாரிப்பாளருக்கும் அதிகாரிகளுக்கும் எழுதினோம். இந்த எழுத்து வேலையை வீண் என்று நினைப்பவர்கள் லெஸ்டர் விபத்தின் இறுதி அறிக்கையைப் படிக்க வேண்டும். 2023 செப்டம்பரில் வந்தது. பறப்புச் சோதனையில் அளந்த சுமை விவரங்கள் பேரிங்கைச் செய்த நிறுவனத்துக்குப் போகவே இல்லை என்கிறது. கொடுக்க வேண்டும் என்ற விதியும் இல்லை. ஒருவரிடம் இருந்த தகவல் இன்னொருவரை எட்டவில்லை. ஹேங்கரில் (ஹெலிகாப்டரை நிறுத்திப் பழுது பார்க்கும் கொட்டகையில்) சத்தமில்லாமல் நட்டை இறுக்குகிறவரும் அதைத்தான் செய்கிறார்.

அப்புறம், இரண்டாவது ஆள் சோதனை. கண்ட்ரோல் பாகத்தைக் கழற்றி மாட்டினால், வேலை செய்யாத இன்னொருவர் தனியாகப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அவர் வரும்போது 'எல்லாம் பார்த்துவிட்டேன்' என்று சொல்லாதீர்கள். டார்ச்சைக் கொடுத்துவிட்டு ஏணியிலிருந்து இறங்கிவிடுங்கள்.