ஆங்கிலேயரா, பிரித்தானியரா? ஒரு சொல் விளக்கம்

‘ஆங்கிலேயர்’ என்னும் சொல் தமிழில் இரண்டு பொருளில் வழங்கிவருகிறது. இங்கிலாந்தைத் தாயகமாகக் கொண்டவரைக் குறிப்பது ஒன்று. லண்டனிலுள்ள அரசின் குடிமக்கள் எல்லாரையும் வேறுபாடின்றிக் குறிப்பது மற்றொன்று. பின்னதே மிகுதியாக வழங்குகிறது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் பிறந்தவரும் வேல்ஸின் கார்டிஃபில் பிறந்தவரும் நம் பாடநூல்களிலும் நாளிதழ்களிலும் ஆங்கிலேயராகவே இடம்பெறுகிறார்கள். அவர்களிடம் நேரில் அவ்வாறு சொன்னால் பெரும்பாலோர் உடனே மறுத்துத் திருத்துவார்கள். டெல்லியில் தமிழரையும் மலையாளியையும் தெலுங்கரையும் ஒன்றாக ‘மதராசி’ என்றபோது நமக்கு எப்படி இருந்தது என்பதை எண்ணினால், அந்த மறுப்பின் காரணம் விளங்கும்.

சொல்லின் வேரிலிருந்தே தொடங்கலாம். இன்றைய ஜெர்மனியின் வடகோடியில் ஆங்கெல்ன் என்றொரு நிலப்பகுதி உண்டு. அங்கிருந்து 5ஆம் நூற்றாண்டளவில் கடல் கடந்து பிரித்தானியத் தீவில் குடியேறிய ஆங்கிள் என்னும் இனக்குழுவின் பெயரே இங்கிலாந்து, இங்கிலீஷ் ஆகிய பெயர்களுக்கு அடி. தமிழில் ‘இங்கிலீசு’, ‘இங்கிலீசுக்காரர்’ என்பன பேச்சில் பதிந்தன. ‘ஆங்கிலம்’, ‘ஆங்கிலேயர்’ என்பன எழுத்தில் நிலைத்தன. ‘ஆங்கிலேயர்’ என்பதன் ஈறு, கங்கையின் மகனைக் காங்கேயன் என்றும் குந்தியின் மகனைக் கௌந்தேயன் என்றும் சொல்லும் வடமொழி மரபை நினைவூட்டுகிறது. எவ்வழியில் பார்த்தாலும் இச்சொல் ஒரு குறிப்பிட்ட இனத்தையே சுட்டுகிறது. ஓர் அரசின் குடிமக்கள் அனைவரையும் சுட்டும் இடம் அதன் வேரில் இல்லை.

‘பிரித்தானியா’ இதைவிடப் பழைய பெயர். கி.மு. 4ஆம் நூற்றாண்டில், இன்றைய பிரான்சிலுள்ள மார்செய்யிலிருந்து வடகடல் பயணம் சென்ற பித்தியாஸ் என்னும் கிரேக்கர் வழியாக அது ஏட்டில் ஏறியது. ரோமானியர் ‘பிரித்தானியா’ என்று இலத்தீனில் எழுதினர். ஆங்கிள்கள் வருவதற்கு முன்பே அத்தீவில் வாழ்ந்தவர்களின் பெயர் அது. வேல்ஸ் மொழியில் இன்றும் அத்தீவுக்குப் ‘பிரதைன்’ என்ற பெயரே வழங்குகிறது. ‘கிரேட் பிரிட்டன்’ என்பதில் உள்ள ‘கிரேட்’ புகழ்மொழி அன்று. பிரான்சின் வடமேற்கிலுள்ள பிரித்தனி என்னும் சிறிய பிரித்தானியாவிலிருந்து தீவைப் பிரித்துக் காட்ட வந்த அளவுச் சொல். ஆகவே அதை ‘மாபெரும் பிரித்தானியா’ என்று மொழிபெயர்ப்பது பிழை. ‘பெரிய பிரித்தானியா’ என்பதே பொருந்தும்.

வேல்ஸ் என்னும் பெயரின் கதை வேறு. ‘வெயால்’ என்னும் பழைய ஆங்கிலச் சொல்லுக்கு அயலார் என்பது பொருள். பின்னால் வந்து குடியேறியவர்கள், முன்பிருந்தே வாழ்ந்தவர்களை அயலார் என்று அழைத்த பெயரே உலகெங்கும் நிலைத்துவிட்டது. வேல்ஸ் மக்களோ தங்களை ‘கம்ரி’ என்கிறார்கள். ஒரே நாட்டைச் சேர்ந்தவர்கள், உடன்வாழ்வோர் என்பது அதன் மூலப்பொருள். இந்த மக்களின் அடையாளத்தைச் சட்டமே ஒரு காலத்தில் மறைத்தது. நாடாளுமன்றச் சட்டங்களில் ‘இங்கிலாந்து’ என்று எங்கே வந்தாலும் அது வேல்ஸையும் உள்ளடக்கும் என்று 1746இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. வேல்ஸைப் பொறுத்தவரை அந்த விதி 1967ஆம் ஆண்டின் வேல்ஸ் மொழிச் சட்டத்தால்தான் நீங்கியது. இருநூற்று இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு நாட்டின் பெயர் அண்டை நாட்டின் பெயருக்குள் அடங்கிக் கிடந்திருக்கிறது. ‘நான் ஆங்கிலேயர் இல்லை’ என்று ஒரு வேல்ஸ்காரர் அழுத்திச் சொல்வதை மிகையுணர்ச்சி என்று ஒதுக்குபவர்கள் இதையும் அறிந்திருக்க வேண்டும்.

ஸ்காட்லாந்து வேறு வழியில் இணைந்தது. 1603இல் ஸ்காட்லாந்தின் மன்னர் ஆறாம் ஜேம்ஸ் இங்கிலாந்துக்கும் மன்னரானார். ஆயினும் நாடுகள் இரண்டாகவே இருந்தன. 1707இல் இரு நாடாளுமன்றங்களும் ஒன்றாகி, பெரிய பிரித்தானியா என்னும் அரசு உருவானது. 1801இல் அயர்லாந்து சேர்ந்தது. 1922இல் அதன் பெரும்பகுதி பிரிந்து சென்றது. ‘பெரிய பிரித்தானியாவும் வட அயர்லாந்தும் இணைந்த ஐக்கிய இராச்சியம்’ என்ற இன்றைய பெயர் 1927 முதல் வழங்குகிறது.

இந்த 1707 நமக்கும் முக்கியமான எல்லைக்கோடு. 1600இல் லண்டன் வணிகர்கள் தொடங்கிய கிழக்கிந்தியக் கம்பெனி ஆங்கிலேயக் கம்பெனிதான். 1639இல் மதராசில் இடம் பெற்றவர்களையும் ஆங்கிலேயர் என்று தயக்கமின்றி எழுதலாம். 1707க்குப் பின் நடந்தவற்றுக்கு ‘பிரித்தானியர் ஆட்சி’ என்பதே சரியான தொடர். அந்த ஆட்சியில் ஸ்காட்லாந்தியரின் பங்கு சிறிதன்று. உழவரிடமே நேரடியாக நிலவரி பெறும் ரயத்துவாரி முறையை நிலைநிறுத்தி, 1820 முதல் 1827 வரை மதராஸ் ஆளுநராக இருந்து, இன்றும் சென்னைத் தீவுத்திடலருகே குதிரைமேல் சிலையாக நிற்கும் தாமஸ் மன்றோ கிளாஸ்கோவில் பிறந்தவர். தென்னாட்டுக் கல்வெட்டுகளையும் ஏடுகளையும் திரட்டிய காலின் மெக்கன்சி, ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவைச் சேர்ந்தவர். இவர்களை ஆங்கிலேயர் என்று எழுதும்போது, பேரரசின் நன்மை தீமைகளில் ஸ்காட்லாந்துக்கு இருந்த பங்கும் நம் வரலாற்றிலிருந்து மறைந்துபோகிறது. இதை நான் சிறு பிழையாகக் கருதவில்லை.

‘நேஷனாலிட்டி’ என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது என்னும் கேள்வியும் இங்கேதான் எழுகிறது. பிரித்தானியக் கடவுச்சீட்டில் அந்தத் தலைப்புக்கு நேரே, எடின்பரோவில் பிறந்தவருக்கும் லண்டனில் பிறந்தவருக்கும் ஒன்றுபோல் ‘பிரித்தானியக் குடிமகர்’ என்ற பொருள்தரும் தொடரே அச்சாகியிருக்கும். ஸ்காட்லாந்துக் கடவுச்சீட்டு என்று ஒன்று இல்லை. சட்டம் தரும் இந்த நிலைக்குக் ‘குடியுரிமை’ என்பது தெளிவான சொல். ஒருவர் தம்மை எந்த மக்களோடு சேர்த்து எண்ணுகிறார் என்பதற்குத் ‘தேசிய இனம்’ அல்லது ‘தேசிய அடையாளம்’ என்று எழுதலாம். ஆங்கிலத்தில் ஒரே சொல் சுமக்கும் இரண்டு பொருளுக்கும் தமிழில் தனித்தனிச் சொற்கள் இருக்க, இரண்டையும் ‘நாட்டவர்’ என்று கலந்து எழுதுவது தேவையற்றது.

இரண்டும் வேறு என்பதை மக்கள்தொகைக் கணக்கெடுப்பே காட்டுகிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2011இல் முதன்முறையாகத் தேசிய அடையாளம் பற்றிய கேள்வி கேட்கப்பட்டது. அப்போது ஏறத்தாழ 58 விழுக்காட்டினர் ‘ஆங்கிலேயர்’ என்று மட்டும் குறித்தனர். 19 விழுக்காட்டினர் ‘பிரித்தானியர்’ என்று மட்டும் குறித்தனர். 2021இல் முன்னது ஏறத்தாழ 15 ஆகக் குறைந்து, பின்னது 55 ஆக உயர்ந்தது. இங்கிலாந்தில் கொடுக்கப்பட்ட படிவத்தில் ‘பிரித்தானியர்’ என்ற விடை முதலிடத்துக்கு மாற்றப்பட்டதும் இதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. இங்கிலாந்தில் வாழும் பலருக்கு இவ்விரு பெயர்களும் எளிதில் இடம் மாறக்கூடியவை என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். எல்லைக்கு அப்பால் இருப்பவர்களுக்கு அந்த எளிமை வாய்ப்பதில்லை.

விளையாட்டிலும் இந்தக் கலப்பு உண்டு. கால்பந்தில் 1872இல் கிளாஸ்கோவில் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதிய முதல் பன்னாட்டுப் போட்டி முதல் இன்றுவரை அணிகள் தனித்தனி. டெஸ்ட் கிரிக்கெட்டில் வேல்ஸ்காரர்களும் ‘இங்கிலாந்து’ என்ற பெயரிலேயே ஆடுகிறார்கள். 1972–73இல் இந்தியாவுக்கு வந்து, சேப்பாக்கத்தில் தோல்வி கண்ட இங்கிலாந்து அணியின் தலைவர் டோனி லூயிஸ், வேல்ஸின் சுவான்சீயில் பிறந்தவர். அன்றைய செய்தியில் ‘இங்கிலாந்து அணித் தலைவர்’ என்பது சரி. ‘ஆங்கிலேய வீரர்’ என்பது சரியன்று.

நம்மவர் பேச்சில் இன்னொரு குறுக்கமும் உண்டு. எடின்பரோவில் வேலை பார்க்கும் பிள்ளையையும் ‘லண்டன்ல இருக்கான்’ என்போம். ஊர்ப்பேச்சில் அது இருந்துவிட்டுப் போகட்டும்; எழுத்தில் அரசைப் ‘பிரித்தானியா’ அல்லது ‘ஐக்கிய இராச்சியம்’ என்றும், மக்களை ஆங்கிலேயர், ஸ்காட்லாந்தியர், வேல்ஸ் மக்கள் என்றும் பிரித்து எழுத வேண்டும். ஈழத்து எழுத்தில் ‘பிரித்தானியா’ நெடுநாளாகவே பழகிய சொல். பிரித்தானியாவில் குடியேறி, ‘நீங்கள் இந்தியரா?’ என்ற கேள்விக்குத் திரும்பத் திரும்ப விடை சொல்லும் ஈழத்தமிழருக்கு, பெயர் மாறி அழைக்கப்படுவதன் உறுத்தலை யாரும் விளக்கத் தேவையில்லை.

வட அயர்லாந்து மட்டும் எந்த விதிக்கும் எளிதில் அடங்காது. அது பெரிய பிரித்தானியத் தீவில் இல்லை; ஆனால் ஐக்கிய இராச்சியத்தில் இருக்கிறது. அங்குள்ளவர்கள் தங்களைப் பிரித்தானியர் என்றோ, அயர்லாந்தியர் என்றோ, இரண்டும் என்றோ கொள்ளலாம் என்று 1998ஆம் ஆண்டின் பெல்ஃபாஸ்ட் உடன்படிக்கை ஏற்றுக்கொண்டது. எனவே அவர்களைப் பற்றி எழுதும்போது அவரவர் தம்மைக் குறிக்கும் பெயரையே எடுத்தாள வேண்டும். சென்னைக் கடற்கரையில் சிலையாக நிற்கும் கால்டுவெல் 1814இல் அயர்லாந்தின் ஆன்ட்ரிம் மாவட்டத்தில் ஸ்காட்லாந்தியப் பெற்றோருக்குப் பிறந்து, கிளாஸ்கோவில் வளர்ந்தவர். அவரை ‘ஆங்கிலேயப் பாதிரியார்’ என்று எழுதியிருக்கும் இடங்களில், ‘அயர்லாந்தில் பிறந்த ஸ்காட்லாந்தியர்’ என்று திருத்திக்கொள்ளலாம்.